நாலடி உயரம்

அக்டோபர் 27, ஞாயிறு

பொக்லைன் ஓட்டுகிறவன் தினமும் லாக் சீட் எழுத வேண்டும். எப்போது ஸ்டார்ட் செய்தோம், எவ்வளவு நேரம் ஓடியது, எவ்வளவு டீசல், என்ன கோளாறு. இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட நான் எழுதாமல் விட்டதில்லை. இப்போது வண்டி நன்றாகத்தான் இருக்கிறது, நான்தான் ஒர்க்‌ஷாப்பில் கிடக்கிறேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. மகள் எழில் போன வருஷத்து டைரி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். "கிழம மாறி இருக்கும்ப்பா, அடிச்சுத் திருத்திக்கோங்க" என்றாள்.

வண்டி: ஆவுடையப்பன். மாடல்: பழசு. கோளாறு: வலது குதிகால் எலும்பு நொறுங்கல். பிளேட் வைத்து ஸ்குரூ போட்டாகிவிட்டது. இன்றைய ஓட்டம்: இல்லை.

நடந்ததை எழுதிவிடுகிறேன். சங்கரன்கோவில் பக்கம் நாலுவழிச் சாலை வேலை. மழை விட்டிருந்தது. டீக்காரர் வந்து ஹாரன் அடித்தார். இன்ஜினை ஆஃப் செய்தேன், கதவைத் திறந்தேன், செயின்மேல் ஒரு காலை வைத்தேன், குதித்தேன். செயின் என்றால் வண்டிக்குச் சக்கரத்துக்குப் பதிலாக இருக்கிற இரும்புப் பட்டை. அதன்மேல் கால் வைத்துத் தாவி இறங்குவதுதான் ஆப்பரேட்டருக்கு அழகு. நான் தாவினால் மற்றவர்கள் நின்று பார்ப்பார்கள். சகதிக்குள் ஒரு கல் கிடந்திருக்கிறது. குதிகால் நேரே அதன்மேல் இறங்கியது.

ஆஸ்பத்திரியில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு பெயிண்டர். சாரம் சரிந்து மூன்றாவது மாடியிலிருந்து விழுந்தவர். கை மட்டும் ஒடிந்திருக்கிறது. அவரைப் பார்க்க வருகிறவர்கள் போகிற போக்கில் என்னையும் விசாரிக்கிறார்கள்.

"அண்ணாச்சி, நீங்க எத்தனாவது மாடி?"

"மாடி இல்ல. வண்டில இருந்து."

"எம்புட்டு ஒசரம்?"

"ஒரு நாலடி இருக்கும்."

"நாலடியா!" என்று சொல்லிவிட்டு அந்த ஆள் பெயிண்டர் பக்கமே திரும்பிக்கொண்டார். விழுந்தாலும் ஒரு மரியாதையோடு விழ வேண்டும்போல.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. என் வீட்டுக்காரி பிரமு முறுக்கு சுட்டுக் கொண்டுவந்தாள். வார்டு முழுக்கக் கொடுத்தாள். பெயிண்டருக்கு மட்டும் ரெண்டு கூடுதல்.

நவம்பர் 6, புதன்

வீட்டுக்கு வந்தாச்சு. காலைத் தரையில் ஊன்றவே கூடாதாம். ஊன்றுகோல் இரண்டு. அது இடிக்காமல் வீட்டுக்குள் ஒரு சாமான் பாக்கியில்லை.

மத்தியானம் சைட் இன்ஜினியர் ஞானதுரை சார் ஆப்பிளோடு வந்தார். நல்ல மனுஷன், ஆனால் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"ஆவுடை, உங்க வண்டிய டெம்பரவரி ஆள் வச்சு ஓட்டிட்டிருக்கோம். பங்குனி வரைக்கும் நான் பாத்துக்கறேன். சித்திரை பிறந்ததும் நீங்க வந்து உக்காரணும். இல்லேன்னா ஹெட் ஆபீஸ்ல நிரந்தரமா வேற ஆளப் போட்டுருவாங்க. அதுக்குமேல என் கையில இல்ல."

"அதுக்கு முன்னாலயே வந்திருவேன் சார். நாலடிதான."

அவர் போனதும் என் மைத்துனர் திரவியம், பிரமுவின் அண்ணன், வாயைத் திறந்தார். அவருக்கு பஜாரில் ஹார்டுவேர் கடை. "எதுக்கு மாப்பிள இந்த இரும்போட மல்லுக்கட்டு? கடைக்கு வாங்க. ஃபேனுக்குக் கீழ கல்லாவுல உக்காந்துக்கிடலாம். நம்பிக்கையான ஆளு எனக்கும் வேணும்ல."

நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. இருபது டன் வண்டியின் மண் அள்ளுகிற பக்கெட் பல்லால் முட்டையை உடையாமல் நகர்த்திக் காட்டியவன் நான். கல்லாவில் உட்கார்ந்து அரைக்கிலோ ஆணி நிறுக்கவா? ஆப்பிளை எடுத்துக் கடித்தேன். புளிப்பு.

நவம்பர் 19, செவ்வாய்

மழை. கூரை ஒழுகவில்லை. வேறொன்றும் இல்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

பிரமு நைட்டி தைக்கிறாள். கம்பெனியிலிருந்து வெட்டிய துணி மூட்டை மூட்டையாக வரும், தைத்துக் கொடுக்க வேண்டும். நான் விழுந்த பிறகு மூட்டை கூடியிருக்கிறது. 

எனக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். சின்ன வெங்காயம் உரிப்பது, அரிசியில் கல் பொறுக்குவது, நைட்டியில் தொங்குகிற நூலை வெட்டுவது. இன்று ஒரு நைட்டியின் கழுத்தையே வெட்டிவிட்டேன்.

"எப்பா, அது கத்திரி. பக்கெட் இல்ல" என்றாள் எழில்.

பிரமு சிரித்த சிரிப்பில் தையல் மிஷின் நின்றே போனது. நானும் சிரித்தேன். விழுந்த பிறகு மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது இதுதான் முதல் தடவை என்று அப்புறம்தான் தோன்றியது.

ஜனவரி 10, வெள்ளி

பெரியாஸ்பத்திரி. எக்ஸ்ரே பார்த்தார்கள். எலும்பு கூடிவிட்டது. இனி ஊன்றிப் பழகலாம். பழக்கிவிடுகிறவர் ஜெனோவா மேடம், பிசியோதெரபி. ஆள் சின்ன உருவம், பிடி இரும்பு. காலைத் தரையில் வைக்கச் சொன்னார். வைத்தேன். வலி உச்சந்தலை வரை ஏறியது.

"அம்மான்னு கத்தலாம் அண்ணாச்சி, தப்பில்ல. பக்கத்து ரூம்ல ஒரு போலீஸ்காரர் பாட்டியவே கூப்பிட்டுக் கத்துனாரு."

கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டேன். பல்லும் இப்போது வலிக்கிறது.

என்ன வேலை, எப்படி விழுந்தேன் என்று கேட்டார். சொன்னேன். "எங்கிட்ட வர்ற வண்டிக்காரங்கள்ல முக்காவாசிப் பேரு இப்படித்தான். வண்டி கவுந்து வந்தவங்க கம்மி. எறங்கும்போது குதிச்சு வந்தவங்கதான் ஜாஸ்தி" என்றார். என்னோடு சேர்த்து ஒரு கூட்டமே இருக்கிறது என்பதில் ஒரு சின்ன ஆறுதல்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். வாசலில் பானை பொங்கியபோது நின்றுகொண்டே குலவை கேட்டேன். ஒற்றை ஊன்றுகோல்தான். கொம்பையா கரும்போடு வந்தான். சைட்டில் ரோலர் ஓட்டுகிறவன், என் கூட்டாளி. என் வண்டியை இப்போது ஓட்டுகிறவன் கிளட்சும் தெரியாமல் கியரும் தெரியாமல் கொல்கிறான் என்று புலம்பினான். பொக்லைனில் கிளட்ச் ஏது? என்னைச் சந்தோஷப்படுத்தத்தான் சொல்கிறான். சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 3, திங்கள்

ஊன்றுகோலைப் பரண்மேல் போட்டாகிவிட்டது. கையில் ஒரு கம்பு மட்டும்.

இப்போதெல்லாம் புறவாசல் வழியாகத்தான் போய் வருகிறேன். அந்தப் பக்கம் வேப்பமரக் காற்று நன்றாக வருகிறது. தெருவைச் சுற்றிக்கொண்டு வந்தாலும் காலுக்கு நடைதானே.

"முன்வாசல்ல ரெண்டு படிதான இருக்கு" என்றாள் பிரமு.

"காத்துக்குன்னு சொல்லுதேன்ல."

அவள் ஊசியில் நூல் கோத்தாள்.

பிப்ரவரி 20, வியாழன்

ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் பஸ்ஸில் போனேன். ஏறுவதில் ஒரு கஷ்டமும் இல்லை. இறங்கும்போது எல்லோரையும் முன்னால் விட்டேன். வயசானவர்கள், பிள்ளைக்காரிகள், அவசரக்காரர்கள். நம்மால் நாலு பேருக்குத் தாமதம் வேண்டாமே. கடைசியில் கண்டக்டர், "அண்ணாச்சி, வண்டி டிப்போவுக்குப் போவுது. படுத்துக்கிடுதியளா?" என்று கேட்டான். இந்தக் காலத்துக் கண்டக்டர்களுக்கு மரியாதை என்பதே கிடையாது. கையைக் கொடுத்தான், இறங்கினேன்.

ஜெனோவா மேடம் குதிகாலை அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

"இங்க வலிக்குதா?"

"வலிக்கு."

"இங்க?"

"அங்கயும் வலிக்கு."

"நான் இப்ப தொட்டது இடது காலு அண்ணாச்சி."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரே நேரத்தில் இரண்டு காலையும் பிடித்து அழுத்தினால் மனுஷனுக்கு எப்படித் தெரியும்? அவர் கோபப்படவில்லை. "காலு தயாராயிட்டு. மத்தத நீங்கதான் சொல்லணும்" என்றார். மற்றது என்றால் என்ன மற்றது? புரியாத மாதிரிக் கேட்டுவிட்டு வந்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

கொம்பையா வந்தான். சைட் கதையெல்லாம் சொன்னான். புதிதாக ஒரு டிப்பர் டிரைவர், திருச்சிப் பக்கத்துப் பையன், வண்டியைப் பார்த்தபடி, கம்பியைப் பிடித்து, பின்பக்கமாக ஒவ்வொரு காலாக வைத்து இறங்குகிறானாம். சைட்டே கூடி நின்று, "ஏல, கெணத்துக்குள்ளயா எறங்குத?" என்று கத்தியதாம். மறுநாளே அவனும் குதிக்க ஆரம்பித்துவிட்டானாம்.

சிரித்தோம். இந்தக் கிணற்றுப் பேச்சை ஆரம்பித்து வைத்தவனே நான்தான் என்று கொம்பையா ஞாபகப்படுத்தினான். இருக்கலாம்.

போகும்போது, "சித்திரை பொறந்ததும் வந்திரு மாப்ள. உன் வண்டில வேற எவனாச்சும் நெரந்தரமா உக்காந்தா எனக்குப் பொறுக்காது" என்றான். அவன் கண் கலங்கியது. எனக்கும்தான். அந்த இன்ஜின் சத்தம் ஒரு நாளாவது கேட்காதா என்று இருக்கிறது. வேலை போய்விடும் என்பதைவிட, அந்தச் சத்தம் இல்லாமல் மீதி நாளை எப்படி ஓட்டுவது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

மார்ச் 22, சனி

திரவியம் அத்தான் மறுபடியும் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டது. பிரமு தையலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

ஏப்ரல் 11, வெள்ளி

பங்குனி உத்திரம். குலதெய்வம் சாஸ்தா கோயிலுக்குச் சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரு குட்டியானை வண்டி பிடித்துப் போனோம். அந்தச் சின்ன லோடு வண்டிதான். பாத்திரம், விறகு, அரிசி, பிள்ளைகுட்டி, நான். ஏறும்போது எட்டிப் பிடித்துத் தாவியே ஏறினேன். "பாத்தியளா, ஆவுடை பழையபடி ஆயிட்டான்" என்று பெரியம்மாகூடச் சொன்னாள்.

கோயில் தோப்பில் வண்டி நின்றதும் பின்பக்கத் தகரத்தைத் திறந்துவிட்டார்கள். எல்லோரும் குதித்தார்கள். நான் குதிக்கவில்லை. சாமான் இவ்வளவு கிடக்கிறதே, ஒரு ஆள் காவலுக்கு வேண்டாமா என்றேன். கொஞ்ச நேரத்தில் சாமானையும் இறக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அப்புறம் ஸ்டெப்னி டயருக்குக் காவல் இருந்தேன்.

திரவியம் அத்தான் நாற்காலி கொண்டுவரட்டுமா என்று கேட்டார். இத்தனை சனம் பார்க்க நாற்காலியில் என்னைப் பீரோ மாதிரி இறக்குவார்களா? வேண்டாம் என்றேன். பொங்கல் வைத்தார்கள், படைத்தார்கள், குலவை போட்டார்கள். வண்டியில் இருந்தே கும்பிட்டேன். சாஸ்தா தப்பாக நினைக்க மாட்டார். அவரும் யானைமேல்தான் இருக்கிறார், நானும் குட்டியானைமேல்தான் இருக்கிறேன்.

பிரமு திருநீறும் இலையில் பொங்கலும் கொண்டுவந்து நீட்டினாள். என் நெற்றி அவளுக்கு எட்டவில்லை. நான் குனிந்தேன். பூசிவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி எழுதப் போவதில்லை.

ஏப்ரல் 12, சனி

வெங்காயம் உரித்தேன்.

ஏப்ரல் 16, புதன்

இன்று நடந்ததை எழுதாமல் தூங்க முடியாது.

காலையில் சைட்டுக்குப் போனதும் ஞானதுரை சார் எல்லோர் முன்னாலும் மாலை போட்டார். இதெல்லாம் எதற்கு சார் என்றேன், கழற்றவில்லை. என் வண்டி பாலம் கட்டுகிற இடத்தில் நின்றது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்து இழுத்து, செயின்மேல் முட்டியை ஊன்றி, ஏறி உட்கார்ந்துவிட்டேன். கைதட்டினார்கள். டெம்பரவரிக்காரன் சீட்டை முன்னால் தள்ளி வைத்திருந்தான், அவனுக்குக் குட்டைக் கால்போல. சரிசெய்தேன். கண்ணாடியைத் திருப்பினேன். சாவி போட்டேன்.

அந்தச் சத்தம்!  கை எதையும் மறக்கவில்லை. முதல் பக்கெட் மண்ணை டிப்பரில் சிந்தாமல் வைத்தேன். சந்தோஷத்தில் தனியாகவே "அப்படிப் போடு!" என்று கத்தினேன்.

டீ வந்தது. கூப்பிட்டார்கள். இந்த லோடை முடித்துவிட்டு வருகிறேன் என்றேன். சாப்பாட்டு நேரம். கொம்பையா கூப்பிட்டான். "மேலயே சாப்பிடுதேன் மாப்ள, நல்லா காத்து வருது" என்றேன். தூக்குச்சட்டியை எட்டிக் கொடுத்தான். சோறு தின்றேன், தண்ணீர் குடிக்கவில்லை. ஏன் என்று எழுத வேண்டியதில்லை.

சாயந்தரம் இன்ஜினை ஆஃப் செய்தேன். கதவைத் திறந்தேன். கீழே பார்த்தேன். காய்ந்த தரை. சகதி இல்லை, கல் இல்லை. ஆனாலும் கதவைச் சாத்திக்கொண்டேன். ஒவ்வொருத்தனாகப் போய்விட்டான். கொம்பையா மட்டும் கீழே வந்து நின்றான்.

"வா மாப்ள, போவோம்."

"நீ போ. கிரீஸ் பாக்கணும்."

"கேபினுக்குள்ள என்னல கிரீசு?"

 அவன் என் முகத்தைப் பார்த்தான். "தூக்கி எறக்கட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டான். "போடா!" என்று கத்திவிட்டேன். பாவம், அவன் என்ன செய்தான்? தள்ளிப் போய் போனில் யாரிடமோ பேசினான். அப்புறம் ரோலர் நிழலில் உட்கார்ந்துகொண்டான்.

பொழுது சாயும்போது பிரமு டிவிஎஸ் வண்டியில் வந்தாள். கழுத்தில் தையல் டேப் அப்படியே தொங்கியது. நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று நினைத்தேன். அவள் திட்டவில்லை. செருப்பைக் கழற்றினாள். சேலையை வரிந்து சொருகினாள்.

"ஏய், என்ன செய்த?"

"மேல வாரேன். தள்ளி இருங்க."

கம்பியைப் பிடித்து, என்னைப் போலவே செயின்மேல் முட்டியை ஊன்றி வந்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் என் வண்டியில் ஏறியதே இல்லை. நானும் கூப்பிட்டதில்லை. இரண்டாவது ஆளுக்கு இடம் ஏது? என் சீட்டுக்குப் பக்கத்தில் ஒடுங்கிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். இது என்ன, அது என்ன என்று ஒவ்வொரு லீவராகக் கேட்டாள். சொன்னேன். அப்புறம் கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"ஆத்தாடி! இம்புட்டு ஒசரமா?"

"நாலடிதான் பிரமு."

"எவன் சொன்னான்? தரை எங்கயோல்லா கெடக்கு! இதுல இருந்தா தெனமும் குதிச்சிய?"

விழுந்த நாளிலிருந்து இன்று வரை அது உயரம் என்று எனக்குச் சொன்ன முதல் ஆள் அவள்தான். நாலடி, நாலடி என்று எல்லோரும் சொல்லிச் சொல்லி, நானும் சொல்லிச் சொல்லி, வெட்கத்தில் மறைத்து வைத்திருந்தது அப்படியே வெளியே வந்துவிட்டது.

"பயமா இருக்கு, பிரமு."

"தெரியும்."

"எப்பருந்து?"

"நீங்க பொறவாசல் வழியாப் போனீயல்லா, அப்பருந்து."

"பெறகு ஏன் கேக்கல?"

"கேட்டா காத்துன்னுதான சொல்லுவிய."

 அவள் கை என் முழங்கால்மேல் இருந்தது. கடைக்கு வேண்டுமானால் போங்கள், நான் ஒன்றும் குறைவாக நினைக்க மாட்டேன் என்றாள். போக மனசு இல்லை என்றேன். "அப்ப எறங்கப் பழகணும்" என்றாள். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்.

முதலில் அவள் இறங்கினாள். ஆப்பரேட்டர் இறங்குகிற மாதிரி இல்லை, வீட்டில் பரணிலிருந்து இறங்குகிற மாதிரி. வண்டியைப் பார்த்துத் திரும்பி, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, ஒரு காலைக் கீழே விட்டுத் துழாவினாள். துழாவிக்கொண்டே இருந்தாள்.

"படி எங்கங்க?"

"படியா?"

"கால் வைக்க ஒரு படி இருக்கணும்லா? அந்தரத்துல தொங்குதேன்!"

கொம்பையா ஓடிவந்து குனிந்து பார்த்தான். "ஏல மாப்ள, இங்க ஒரு படி இருந்திருக்கு. பிஞ்சி போயிருக்கு, அடிக்கட்டை மட்டுந்தான் நிக்கி" என்றான். எப்போது போனது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. பாறையில் உரசிப் போயிருக்கும். ஏறும்போது கையால் இழுத்து ஏறிவிடுவோம், இறங்கும்போது குதித்துவிடுவோம். கால் வைத்து இறங்கினவனுக்குத்தானே படி இல்லாதது தெரியும்!

"இது இல்லாமலா இம்புட்டு நாளு வண்டி ஓட்டுனிய? நல்லா இருக்குய்யா உங்க தொழிலு!" என்று தொங்கியபடியே எங்கள் இரண்டு பேரையும் ஒரு பிடி பிடித்தாள். கொம்பையா வண்டிக்கு அண்டை கொடுக்கிற மரக்கட்டையைத் தூக்கிவந்து கீழே போட்டான். அவள் இறங்கிவிட்டாள்.

என் முறை. திரும்பினேன். கம்பியைப் பிடித்தேன். முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை, அதுதான் பெரிய பயம். இடது கால் செயின்மேல். வலது கால் கீழே போக மறுத்தது.

"விடுங்க, நான் பிடிச்சிருக்கேன்."

பிளேட் வைத்த குதிகாலை அவள் இரண்டு கையாலும் ஏந்தியிருந்தாள். "இன்னும் கொஞ்சம் கீழ. இன்னும். அங்கதான். இனி எடையக் கொடுங்க." கட்டை தட்டுப்பட்டது. அப்புறம் தரை.

அழுதேன். நன்றாகவே அழுதேன். கொம்பையா ரோலரில் எதையோ தொலைத்துவிட்ட மாதிரி அந்தப் பக்கம் போய்த் தேடிக்கொண்டிருந்தான்.

ஏப்ரல் 17, வியாழன்

காலையில் பிரமுவும் கூடவே வந்தாள். வேண்டாம் என்றால் கேட்கிற ஆளா? ஞானதுரை சார் ஹெல்மெட்டை மாட்டுவதற்குள் பிடித்துவிட்டாள்.

"சார், இவங்க வண்டியில படி இல்ல."

"அப்படியாம்மா? யாரும் எங்கிட்ட சொல்லலையே."

"இவங்களுக்கே தெரியாது, எப்படிச் சொல்லுவாங்க? இப்ப நான் சொல்லுதேன்."

சார் குனிந்து பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. மற்ற வண்டிகளையும் ஒரு சுற்றுப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ரோலரில் கைப்பிடிக் கம்பி ஒரு பக்கம் கழன்று ஆடுகிறது. இன்னொரு பொக்லைனில் படி மடங்கி உள்ளே போய்க் கிடக்கிறது. வெல்டரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பிக்க வேண்டும் என்றார். பிரமு, வெல்டர் வைத்த படியில் ஏறி நின்று ஒரு குதி குதித்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

சாப்பாட்டு நேரம். அநேகம் பேர் மரத்தடிக்கு வந்தாகிவிட்டது. நான் கதவைத் திறந்தேன். பயம் இருந்தது, நேற்று அளவுக்கு இல்லை. எல்லோருக்கும் முதுகைக் காட்டித் திரும்பினேன். கம்பியைப் பிடித்து இடது காலை விட்டேன். படி இருந்தது. பின்னாலிருந்து டிப்பர்க்காரன் ஒருத்தன் கத்தினான்.

"அண்ணாச்சி, கெணத்துல தண்ணி எம்புட்டு கெடக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். முன்பு போல இருந்தால் அங்கிருந்தே தாவி அவன் சட்டையைப் பிடித்திருப்பேன். இன்று அவசரப்படவில்லை. வலது காலையும் வைத்து, தரைக்கு வந்து, கம்பியை விட்டுவிட்டுத்தான் திரும்பினேன்.

"மொழங்காலளவுதாம்ல கெடக்கு. நீயும் எறங்கிப் பாரு!"

சிரிப்பு இன்னும் கூடியது. ஆனால் இப்போது அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. காலில் வலி லேசாக இருந்தது, அவ்வளவுதான். சித்திரையில் என் வண்டி என்னிடமே இருக்கிறது, நான் தரையில் நிற்கிறேன், என் சொந்தக் காலில் இறங்கி வந்திருக்கிறேன் என்று நினைத்தபோது நெஞ்சு நிறைந்துவிட்டது.

வண்டியில் சாய்த்து வைத்திருந்த கம்பை எடுத்துக்கொண்டு சாப்பிட உட்காரப் போனேன். அப்போதுதான் கொம்பையாவின் ரோலரைப் பார்த்தேன். அவன் இன்னும் வரவில்லை. கேபின் வாசலில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கம்பியை இறுக்கிப் பிடித்தபடி ஒரு காலைக் கீழே விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான். கழுத்தைத் திருப்பி, "இடுப்பு பிடிச்சிக்கிட்டு மாப்ள, அதான்" என்று என்னிடம் சத்தமாகச் சொன்னான். இடுப்புக்கு ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

கம்பை மரத்தில் சாய்த்து வைத்துவிட்டு அவன் பக்கத்தில் போய் நின்றேன்.

"இடது கால இன்னும் கொஞ்சம் கீழ விடு, மாப்ள. இன்னும் கொஞ்சம். அங்கதான்."